முன் பிரேக்கு ஒரே நாள்ல போறதில்ல: குமரி வண்டிகள கடல் ஒரு மாதிரி கொல்லும், மலை வேற மாதிரி

"பிரேக்கு திடீர்னு போயிட்டு"ன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க. டிஸ்க் பிரேக்க பொறுத்தவரைக்கும் அந்த திடீர்ங்குறது ரொம்ப அபூர்வம், ஹோஸ் அறுந்து ஆயில் மொத்தமும் ஊத்திப் போறது, போல்டு லூஸாகி கசியுறதுன்னு ஒண்ணு ரெண்டு வகை தான் அப்படி. மிச்சமெல்லாம் மாசக்கணக்கா, சில வண்டியில ரெண்டு மூணு வருசமா, பைய பைய செத்துக்கிட்டு இருந்த பிரேக்கு தான், கடைசி மூச்சு நிக்கிற நேரத்துல நாம ரோட்டுல இருக்கோம் அவ்வளவு தான். நம்ம மாவட்டத்துல இன்னொரு விசயம் இருக்கு. பிரேக்கு எப்படி சாகும்ங்குறது நீங்க எங்க குடியிருக்கீங்கங்குறத பொறுத்து மாறும். குளச்சல்ல ஓடுற வண்டியும் குலசேகரத்துல ஓடுற வண்டியும் ஒரே மாடலா, ஒரே மாசத்துல எடுத்ததா இருந்தாலும் ஒண்ணு உப்புக் காத்துல இறுகிப் போகும், இன்னொண்ணு எறக்கத்துல கொதிச்சுப் போகும். சர்வீஸ் புக்குல போட்டிருக்க கிலோமீட்டர் கணக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான். அத மட்டும் நம்பி வண்டிய விட்டா வெனை.

முதல்ல இது எப்படி வேல செய்யுதுன்னு பாத்துக்கிடுவோம், அது புரிஞ்சா மிச்சம் லேசா புரியும். லிவர அமுக்குனா ஹேண்டில்பார்ல இருக்க மாஸ்டர் சிலிண்டருக்குள்ள பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயில தள்ளும், ஆயில் ஹோஸ் வழியா கீழ வந்து, சக்கரத்துப் பக்கம் டிஸ்க்க கவ்வி நிக்குற காலிபர்ல உள்ள பிஸ்டன தள்ளும், அது பேட, அதாவது பிரேக் கட்டைய, டிஸ்க்கு மேல வச்சு நெருக்கும். பள்ளிக்கூடத்துல படிச்ச பாஸ்கல் விதி தான், வேற ஒண்ணுமில்ல. உதாரணத்துக்கு மாஸ்டர் பிஸ்டன் 12.7 மில்லிமீட்டர், காலிபர் பிஸ்டன் 32 மில்லிமீட்டர்னு வச்சுக்கோங்க, பரப்பளவுல ஆறு மடங்குக்கு மேல வருது, அதுக்கு முன்னாடி லிவரோட நீளமே ஒரு அஞ்சு மடங்கு கூட்டிக் குடுத்திரும். ஆக விரல்ல 5 கிலோ பெலம் குடுத்தா பேடுல 150 கிலோவுக்கு மேல போய் விழும். ரெண்டு விரல்ல ஒரு ஆளையும் வண்டியையும் நிறுத்த முடியுறது இதனால தான்.

ஆனா பெலத்த கூட்டுனா தூரத்துல குறையும், அது எந்த மெஷினுக்கும் உள்ள கணக்கு. காலிபர் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகரணும்னா மாஸ்டர் பிஸ்டன் 6 மில்லிமீட்டருக்கு மேல நகர்ந்தாகணும், அதோட மொத்த ஓட்டமே ஒரு சென்டிமீட்டர் சொச்சம் தான் இருக்கும். அதனால பேடு எப்பவும் டிஸ்க்க ஒட்டி முடியளவு இடைவெளில தான் நிக்கணும், நிக்கவும் செய்யுது, காலிபர்ல பிஸ்டன சுத்தி இருக்க சதுர வாக்குல உள்ள ஒரு ரப்பர் சீல் தான் அந்த வேலைய பாக்குது. பிரேக் பிடிக்கும்போது அந்த சீல் பிஸ்டனோட சேந்து லேசா முறுகும், விட்டதும் நிமிரும், நிமிரும்போது பிஸ்டன கொஞ்சூண்டு பின்னால இழுத்துக்கும். ஸ்பிரிங் கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஒரு ரப்பர் வளையம். இந்த ரெண்டு விசயத்தையும், அதாவது லிவர் ஓட்டம் ரொம்ப கம்மிங்குறதையும் பேட பின்னால எடுக்குறது வெறும் ரப்பர் தான்ங்குறதையும் மனசுல வச்சுக்கோங்க, கீழ சொல்லுற அத்தன கோளாறும் இந்த ரெண்டுல ஒண்ணுல தான் வந்து முட்டும்.

ஆயிலுக்குள்ள காத்து புகுந்தா என்ன ஆகும்னு இப்ப நீங்களே சொல்லிருவீங்க. திரவம் அமுங்காது, காத்து அமுங்கும். ஒரு சின்ன குமிழி இருந்தா கூட அந்த ஒரு சென்டிமீட்டர் ஓட்டம் குமிழிய அமுக்குறதுலயே செலவாயிரும், பேடுக்கு போய்ச் சேர ஒண்ணும் மிச்சமிருக்காது. லிவர் பஞ்சு மாதிரி உள்ள போகும். ரெண்டு மூணு தடவ டக் டக்குனு அடிச்சா கட்டியாகும், கொஞ்ச நேரத்துல திரும்ப பஞ்சாயிரும். இது காத்துக்கு உள்ள அடையாளம்.

இப்ப ஆயில். கடைல பிரேக் ஆயில்னு கேட்டாலும் இது எண்ணெய் வகையே இல்ல, கிளைகோல் சேந்த திரவம், நம்மூர் பைக்குல பெரும்பாலும் டாட் 3 இல்லன்னா டாட் 4-னு சொல்லுற தரம், எதுன்னு ஹேண்டில்பார்ல ஆயில் நிக்குற டப்பா, அதாவது ரிசர்வாயர், அதோட மூடிலயே அடிச்சிருக்கும். இதோட குணம் என்னன்னா காத்துல உள்ள ஈரத்த இழுக்கும். மூடி இறுக்கமா இருந்தாலும் இழுக்கும், ஹோஸ் ரப்பர் வழியா கூட ஈரம் உள்ள போகும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்ங்குறது தரக்கணக்கு, அதே ஆயில்ல 3.7 சதவீதம் தண்ணி சேந்தா 155 டிகிரி தாங்குனா போதும்னு விட்டிருக்காங்க. டாட் 3-க்கு 205, தண்ணி சேந்தா 140. பாருங்க, நூறு மில்லிக்கு நாலு மில்லி கூட இல்லாத தண்ணி 75 டிகிரிய தின்னுட்டு போகுது. அப்ப ஈரத்த இழுக்காத ஆயில் போடலாமேன்னு தோணும். சிலிக்கான் வகைல டாட் 5-னு ஒண்ணு இருக்கு, அது இழுக்காது, ஆனா உள்ள போன தண்ணி கரையாம சொட்டா காலிபர் அடில போய் தங்கி 100 டிகிரிலயே கொதிக்கும், அங்கேயே துருவும் பிடிக்கும். கிளைகோல் ஆயில் தண்ணிய தனக்குள்ள கலந்து வச்சுக்கிறது ஒரு விதத்துல பாதுகாப்பு, காலாகாலத்துல மாத்துனீங்கன்னா. டாட் 5-ஐயும் இதையும் ஒருநாளும் கலக்கப்படாது. 3, 4, 5.1 மூணும் ஒரே குடும்பம், கலந்தா கெடுதல் இல்ல, மூடில போட்டிருக்க டாட் நம்பர விட குறைஞ்சத போடக்கூடாது அவ்வளவு தான்.

பெரும்பாலான கம்பெனி மேனுவல்ல ரெண்டு வருசத்துக்கு ஒருக்க பிரேக் ஆயில மாத்தச் சொல்லி போட்டிருக்கும். கிலோமீட்டர் எவ்வளவு ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன, வருசம் தான் கணக்கு. நமக்கு ஜூன்லேருந்து தென்மேற்கு மழை, அது ஓஞ்சு கொஞ்சம் வெயில் பாக்குறதுக்குள்ள அக்டோபர்ல வடகிழக்கு மழை, ரெண்டு பருவமும் வாங்குற மாவட்டம் இது. நடுவுல உள்ள மாசமும் ஒரு பக்கம் கடல் ஈரம், ஒரு பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். இங்க ரெண்டு வருசம்ங்குறது கடைசி எல்லை, மலையோரத்து ஆட்களுக்கு நான் ஒண்ணரைன்னு தான் சொல்லுவேன்.

ஏன் மலையோரத்துக்குன்னா, கொதிக்கிற சங்கதி அங்க தான் நடக்கும். தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறை, பாலமோர் பக்கம் உள்ள எஸ்டேட் ரோடு, பத்துகாணி, ஆறுகாணி ஏத்தம், பேச்சிப்பாறைக்கு மேல உள்ள வழி, இங்கெல்லாம் எறங்கும்போது பிரேக்குக்கு என்ன வேல வருதுன்னு ஒரு சின்ன கணக்கு போட்டு பாப்போம். வண்டி, ரெண்டு ஆளு, பின்னால ஒரு மரச்சீனி மூட்டையோ ரப்பர் ஷீட் கட்டோ, எல்லாம் சேந்து 300 கிலோன்னு வைங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற இந்த 300 கிலோவ ஒருக்க நிறுத்துனா சுமார் 42 கிலோஜூல் சூடா மாறணும். அதே வண்டி 300 மீட்டர் உயரம் எறங்குனா 880 கிலோஜூல் சொச்சம். அதாவது 60-லேருந்து முழுசா நிறுத்துறத அடுத்தடுத்து இருபத்தோரு தடவ செய்யுற அளவு சூடு. எஞ்சினும் காத்தும் இதுல ஒரு பங்க எடுத்துக்கிடும், மிச்சம் டிஸ்க்குக்கு தான், டிஸ்க்குலேருந்து பேடு, பேடுலேருந்து பிஸ்டன், பிஸ்டனுக்கு பின்னால நிக்குற ஆயில். அந்த ஆயில் நாலு வருசம் பழசா இருந்தா 155-க்கு கீழ எங்கயோ குமிழி விட ஆரம்பிச்சிரும். ஆவி காத்து மாதிரியே அமுங்கும். லிவர் ஹேண்டில்பார்ல போய் முட்டும்.

இதுல ரொம்ப மோசமான பகுதி என்னன்னா, வண்டி ஆறுனதும் அந்த ஆவி திரும்ப திரவமாயிரும். அடிவாரத்துல எப்படியோ உருட்டிக் கொண்டு வந்து ஒர்க்‌ஷாப்புல காட்டுனா லிவர் கட்டியா, அழகா நிக்கும். மெக்கானிக் நாலு தடவ அமுக்கி பாத்துட்டு "நல்லா தானே இருக்கு அண்ணே, நீங்க பயந்துட்டீங்க"ம்பாரு. அவரு பொய் சொல்லல, அந்த நேரத்துல நல்லா தான் இருக்கும். எறக்கத்துல மட்டும் போயிட்டு பெறவு வந்துட்டுன்னா ஆயில் பழசுன்னு எடுத்துக்கோங்க, வேற ஆராய்ச்சி எதுவும் பண்ண வேண்டாம், மாத்துங்க.

இதோட சேத்து குழப்பிக்கப்படாத இன்னொண்ணு இருக்கு, லிவர் கட்டியா இருக்கும், உள்ளயும் போகாது, ஆனா வண்டி நிக்காது. அது ஆயில் கொதிச்சதில்ல, பேடு சூடாகி பிடிப்பு விட்டது. விலை குறைஞ்ச லோக்கல் பேடுல இது சீக்கிரம் வரும், கருகுன வாடை அடிக்கும், ஆறுன பெறகு பேடு மேல கண்ணாடி மாதிரி மினுங்கும். ஒண்ணுல லிவர் போகும், இன்னொண்ணுல லிவர் நிக்கும், ஒர்க்‌ஷாப்புல இத சரியா சொன்னீங்கன்னா பாதி வேல முடிஞ்சது.

எறக்கத்துல நியூட்ரல் போட்டோ கிளட்ச பிடிச்சுக்கிட்டோ எறங்குற ஆளு நம்மூர்ல நெறைய. பெட்ரோல் மிச்சமாகும்னு ஒரு கணக்கு. இப்ப வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல வச்சு ஆக்சிலேட்டர விட்டு எறங்குனா எஞ்சினுக்கு போற பெட்ரோலையே கட் பண்ணிருவான், நியூட்ரல்ல எறங்குனா தான் ஐடிலிங்குக்கு பெட்ரோல் குடிக்கும், ஆக மிச்சமும் கிடையாது. ஏறுன கியர்லயே எறங்குங்க, ரெண்டாவதுல ஏறுனா ரெண்டாவதுல. பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே வராம, வேகம் கூடுனதும் நல்லா பிடிச்சு குறைச்சுட்டு விடுங்க, விட்ட நேரத்துல டிஸ்க்கு காத்து வாங்கும். ஸ்கூட்டர்ல எஞ்சின் பிரேக்கிங் பேருக்கு தான் இருக்கும், வேகம் ரொம்ப குறைஞ்சா கிளட்சு விட்டு அதுவும் போயிரும், அதனால ஸ்கூட்டர்ல மலை எறங்குறவங்க நடுவுல வண்டிய நிப்பாட்டி ஒரு பத்து நிமிசம் ஆறப் போடுறது தான் வழி, எங்கயாவது ஒரு சாயா கடை இல்லாமலா போகும். லிவர் போயே போச்சுன்னா பதட்டப்படாம டக் டக்குனு பம்ப் அடிங்க, கொஞ்சமாவது கட்டியாகும், கூடவே பின்பிரேக்க சவுட்டிக்கிட்டே ஒவ்வொரு கியரா கீழ கொண்டு வாங்க. எஞ்சின ஆஃப் பண்ணவோ கிளட்ச பிடிச்சு வைக்கவோ செய்யாதீங்க, அந்த நேரத்துல உங்கள இழுத்துப் பிடிக்கிறதே எஞ்சின் தான்.

இனி கடலோரம். கன்னியாகுமரிலேருந்து நீரோடி வரைக்கும் எழுபது கிலோமீட்டர் சொச்சம் கரை, அத ஒட்டியே ஊரு ஊரா வீடு, வீட்டு முற்றத்துல வண்டி. முட்டம், கடியபட்டணம், இனயம், தேங்காப்பட்டணம் பக்கம் ராத்திரி வெளிய நிக்குற வண்டிய காலைல கையால தடவி பாத்தாலே உப்புப் பிசுபிசுப்பு தெரியும். டிஸ்க்கு மேல செம்பட்டையா துரு பூத்திருக்கத பாத்து பயப்பட வேண்டாம், ரெண்டு பிரேக்குல அது போயிரும். கண்ணுக்கு தெரியாத ரெண்டு எடத்துல தான் உப்பு அதோட வேலைய செய்யும்.

ஒண்ணு, காலிபர் வழுக்கி நகருற பின்னு. பெரும்பாலான பைக்குல பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் தான், பிஸ்டன் ஒரு பேட தள்ளும்போது காலிபர் முழுசும் ரெண்டு பின்னு மேல எதிர்ப்பக்கம் வழுக்கி அடுத்த பேட இழுத்து வைக்கும். அந்த பின்ன மூடியிருக்க ரப்பர் கிழிஞ்சு உப்புத் தண்ணி உள்ள போனா கிரீஸ் காஞ்சு, துருவேறி, காலிபர் நகராது. அப்ப ஒரு பேடு மட்டும் தேயும், இன்னொண்ணு புதுசு மாதிரியே இருக்கும். நம்மாளு வெளிப்பக்கம் தெரியுற பேட மட்டும் பாத்துட்டு இன்னும் ஆறு மாசம் ஓடும்பாரு, உள்பக்கத்துல இரும்புத் தகடு டிஸ்க்க அரைச்சுக்கிட்டு இருக்கும்.

ரெண்டாவது அந்த சதுர சீல். அது உக்காந்திருக்க பள்ளம் அலுமினியத்துல கடைஞ்சது, உப்பு சேந்தா அங்க வெள்ளப்பொடி கட்டும். பொடி சீலுக்கு அடில சேரச் சேர சீல் வெளிய பிதுங்கி பிஸ்டன இறுக்கிப் பிடிச்சுக்கும். சீல் முறுகி நிமிர்ந்து தானே பிஸ்டன பின்னால இழுக்கணும், அதுக்கு எடமே இல்லாம போயிரும், பேடு டிஸ்க்க விட்டு விலகாது. வண்டி எப்பவும் லேசா பிரேக் பிடிச்ச மாதிரி ஓடும், மைலேஜ் குறையும், டிஸ்க்கு சும்மா சூடாகும். கடற்கரை வண்டியும் சில நேரம் சமதளத்துலயே ஆயில் கொதிச்சு நிக்குறது இப்படித் தான். இதுக்கு புது சீல் மட்டும் போட்டா பத்தாது, பள்ளத்த சுரண்டி சுத்தம் பண்ணி போடணும், இல்லன்னா புது சீலும் அதே மாதிரி பிதுங்கிரும். கல்ஃப்ல வேல பாக்குறவங்க வண்டிய ஷெட்டுல மூடி போட்டுட்டு போவாங்க, ஒண்ணு ரெண்டு வருசம் கழிச்சு லீவுல வந்து பேட்டரிய மாத்தி, பெட்ரோல் ஊத்தி, அன்னைக்கே கல்யாண வீட்டுக்கு கெளம்பிருவாங்க. அந்த வண்டியில முதல்ல கழட்ட வேண்டியது காலிபர். ஓடாத வண்டிக்கு பிரேக்கு தேயாதுன்னு நெனைக்கிறோம், தேயாது தான், இறுகும்.

முன் பிரேக்க தொடாமலே ஓட்டுறவங்களுக்கும் இதே கதி தான், இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுவேன். "முன்னால பிடிச்சா தூக்கி அடிச்சிரும் மக்கா"ன்னு சொல்லிக் குடுத்து வளந்த தலைமுறை நாம. மணல்லயும் ஈர இலை மேலயும், வளைவுல சாஞ்சு போகும்போதும் வெடுக்குனு பிடிச்சா வழுக்கும், அது உண்மை. ஆனா நேர் ரோட்டுல நிறுத்துறதே அது தான். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால சாயும், சாதாரண பைக்குல பாதிக்குப் பாதி இருந்த எடை நல்லா பிடிச்சா முன் சக்கரத்துல 80 சதவீதத்துக்கு வந்துரும், பின் சக்கரம் லேசாகி பிடிமானம் இல்லாம சறுக்கும். 60 வேகத்துல பின்பிரேக்க மட்டும் சவுட்டுனா நிக்க தோராயமா 45 மீட்டருக்கு மேல ஆகும், ரெண்டையும் சேத்து நல்லா பிடிச்சா காஞ்ச ரோட்டுல 20 மீட்டர் போதும். மார்த்தாண்டம் சந்தை பக்கத்துலயோ தக்கலைலயோ பஸ்ஸுக்கு பின்னால போகும்போது அந்த 25 மீட்டர் வித்தியாசம் என்னன்னு சொல்லத் தேவையில்ல. பயத்துல பிடிக்காம விட்டா பிஸ்டன் நகராது, நகராத பிஸ்டன் கடலோரத்துல இறுகும், ஒரு நாள் நிஜமாவே தேவைப்பட்டு பிடிக்கும்போது ஒண்ணு பிடிக்காது, இல்ல பிடிச்சது விடாது. பெறவு முன் பிரேக்கு ஆபத்துன்னு இன்னும் நாலு பேருக்கு சொல்லுவோம்.

வாட்டர் சர்வீஸ் பத்தி சொல்லாம விட முடியாது. சில எடத்துல வண்டிய கழுவி முடிச்சு துரு பிடிக்காம இருக்கட்டும்னு டீசலோ பழைய ஆயிலோ கலந்து அடியில ஸ்பிரே அடிப்பாங்க, பளபளன்னு இருக்கும். அது ஒரு துளி டிஸ்க்குல பட்டா பேடு உறிஞ்சிரும், அப்புறம் எமரி பேப்பர் வச்சு தேச்சாலும் சூடாகும்போது உள்ளேருந்து திரும்ப கசியும். எண்ணெய் குடிச்ச பேடுக்கு வைத்தியம் கிடையாது, மாத்தணும், டிஸ்க்க சோப்புத் தண்ணிலயோ பிரேக் கிளீனர்லயோ நல்லா துடைக்கணும். முன்னால ஃபோர்க் ஆயில் சீல் கசிஞ்சாலும் இதே தான் நடக்கும், கசிவ கடலை எண்ணெய் கணக்கா துடைச்சு விட்டுட்டு ஓட்டாதீங்க. டயர் பாலிஷ் அடிக்கிறவங்க டிஸ்க்க ஒரு துணியால மூடிக்கிட்டு அடிங்க. கடலோரத்து ஆளுங்க வாரத்துக்கு ஒருக்க நல்ல தண்ணிய சும்மா பைப்புல விட்டு காலிபர கழுவுனா அதுவே பெரிய உபகாரம், பிரஷர் கன்ன மட்டும் காலிபர் ரப்பர் மேல பக்கத்துல வச்சு அடிக்க விடாதீங்க.

மாஸ்டர் சிலிண்டர்ல வர்ற கோளாறு வேற ரகம். லிவர அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க, எங்கயும் கசிவு இல்ல, ஆனா லிவர் பைய பைய உள்ள எறங்குதுன்னா சிலிண்டருக்குள்ள இருக்க ரப்பர் கப்பு தேஞ்சிருக்கு. மாஸ்டர் கிட்டுன்னு கேட்டா கடைல கிடைக்கும். அதே சிலிண்டர்ல ஊசிமுனை அளவுல ஒரு ஓட்டை உண்டு, லிவர விட்டதும் சூட்டுல பெருகுன ஆயில் ரிசர்வாயருக்கு திரும்பிப் போற வழி அது தான். பழைய ஆயில் கசடு கட்டி அது அடைஞ்சா, இல்ல ஸ்டைலுக்கு மாட்டுன லிவர் பிஸ்டன எப்பவும் கொஞ்சம் அமுக்கிக்கிட்டே இருந்தா, ஓட ஓட ஆயில் பெருகி பிரேக்கு தானா பிடிக்கும், சக்கரம் லாக் ஆகும் வரைக்கும் போகும். வண்டி இழுக்காம நின்னு, பத்து நிமிசத்துல தானா சரியாச்சுன்னா இத சந்தேகப்படுங்க.

ரப்பர் வெட்டுற ஊர்ல இத சொன்னா சட்டுனு புரியும்: ரப்பர் ஷீட்ட மண்ணெண்ணெய்ல போட்டா எப்படி ஊதும்? பிரேக் சீலெல்லாம் செயற்கை ரப்பர் தான், ஆனா எஞ்சின் ஆயில், சாதா கிரீஸ், டீசல் பட்டா அதுவும் அப்படித் தான் ஊதும். பிரேக் ஆயில் குறைஞ்சிருக்குன்னு கையில கிடைச்ச ஆயில ஊத்துனா மாஸ்டர் கப்புலேருந்து காலிபர் சீல் வரைக்கும் மொத்தத்தையும் மாத்த வேண்டியது தான். காலிபர் பின்னுக்கும் சிலிக்கான் கிரீஸ் தான் போடணும், செயினுக்கு அடிக்கிறத அங்க அடிக்கப்படாது.

வீட்டுல பாக்குறதுக்கு பெரிய டூல் எதுவும் வேண்டாம். காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி லிவர ஒரு அரை நிமிசம் இறுக்கிப் பிடிச்சு எறங்குதான்னு பாருங்க. முன் சக்கரத்த தூக்கி சுத்தி விட்டா லேசா உரசுற சத்தம் வந்தா பரவாயில்ல, ரெண்டு சுத்து கூட சுத்தாம நின்னா காலிபர் இறுகிட்டு. டார்ச் அடிச்சு ரெண்டு பேடையும் பாருங்க, பேடுல உள்ள தேய்மானக் கோடு தேஞ்சு போயிருந்தாலோ 1 மில்லிமீட்டர் தான் மிச்சம்னாலோ மாத்துங்க. டிஸ்க்குலயே குறைஞ்சபட்ச தடிப்பு எவ்வளவுன்னு பொறிச்சிருப்பாங்க, விரல் நகத்துல விளிம்பு தட்டுப்பட்டா அளந்து பாக்க சொல்லுங்க. பிரேக் பிடிக்கும்போது லிவர் விரல்ல துடிச்சா டிஸ்க்கு வளைஞ்சிருக்கு. ரிசர்வாயர்ல ஆயில் எறங்கியிருந்தா உடனே மேல ஊத்திராதீங்க, பேடு தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த எடத்த நிரப்ப ஆயில் எறங்கும், அது இயல்பு. முதல்ல பேட பாருங்க, பேடு நல்லா இருந்தும் ஆயில் குறையுதுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்.

ஆயில் மாத்தும்போது புது பாட்டில் கண்ணு முன்னால சீல் உடைச்சு ஊத்தச் சொல்லுங்க. ஆடி மழைல மூடி திறந்த பாதி பாட்டில் அலமாரில ஒரு மாசமா இருந்தா அது ஏற்கனவே தண்ணி குடிச்சிருக்கும், அத ஊத்துறதுக்கு பழசே மேல். ஏர் எடுக்குறது, அதாவது ஆயில்ல மாட்டுன காத்த வெளியேத்துறது, ரெண்டு பேரு செஞ்சா சுலபம், ஒருத்தர் லிவர அமுக்கிப் பிடிக்கணும், இன்னொருத்தர் கீழ காலிபர்ல உள்ள நிப்பிள அரைச் சுத்து திறந்து மூடணும், மூடுன பெறகு தான் லிவர விடணும், மேல ரிசர்வாயர் காலியாக விடவே கூடாது, காலியானா முதல்லேருந்து ஆரம்பிக்கணும். பெயிண்டுல சிந்துனா உரிச்சு எடுத்திரும், உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க. பேடு மாத்துன வண்டிய வாங்கும்போது ஒண்ண மறக்காதீங்க, புது பேடுக்கு எடம் பண்ண பிஸ்டன உள்ள தள்ளியிருப்பாங்க, லிவர அஞ்சாறு தடவ பம்ப் பண்ணி கட்டியானதும் தான் வண்டிய நகத்தணும். இல்லன்னா ஒர்க்‌ஷாப் வாசல்ல முதல் பிரேக்குக்கு ஒண்ணுமே இருக்காது. ஹோஸ நாலு வருசத்துக்கு ஒருக்க மாத்தச் சொல்லி பல மேனுவல்ல இருக்கு, யாரும் மாத்துறதில்ல, ரப்பர்ல வெடிப்பு தெரிஞ்சாலாவது மாத்துங்க.

டிரம் பிரேக் வண்டிக்காரங்களுக்கு ஆயில் தொல்லை இல்ல. அங்க கேபிளும் கேமும் தான். மீன் பெட்டி வச்சு எக்ஸ்எல் மொபெட் ஓட்டுற ஆட்களோட வண்டியில ஐஸ் உருகுன உப்புத் தண்ணியும் கடல் காத்தும் சேந்து கேபிள் உள்கம்பிய அரிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு இழை அறுந்தா மிச்ச இழையும் வரிசையா அறும், லிவர் பக்கத்து முனைல பிரிஞ்ச கம்பி கையில குத்துனா அன்னைக்கே மாத்துங்க, ரொம்ப சின்ன செலவு தான். தண்ணி கட்டி நிக்குற ரோட்டுல போய் வந்தா டிரம்முக்குள்ள தண்ணி நிக்கும், கொஞ்ச தூரம் பிரேக்க லேசா தொட்டுக்கிட்டே ஓட்டி காய வைக்கணும்.

2019 ஏப்ரல் 1-லேருந்து 125 சிசி வரைக்கும் உள்ள புது வண்டிக்கு சிபிஎஸ் (ரெண்டு பிரேக்கும் சேந்து பிடிக்கிறது) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம பாக்குறது), அதுக்கு மேல உள்ளதுக்கு ஏபிஎஸ் கட்டாயம்னு வந்துட்டு. சிபிஎஸ் ஸ்கூட்டர்ல இடது லிவர பிடிச்சா முன்னாலயும் சேந்து பிடிக்கும், பின்பக்கத்த மட்டும் அட்ஜஸ்ட் பண்ணி இறுக்கிட்டா அந்த பங்கீடு மாறிப் போகும், சர்வீஸ்ல ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லணும். ஏபிஎஸ் இருக்குல்லன்னு மேல சொன்னதெல்லாம் விட்டுரலாமான்னா, ஏபிஎஸ் செய்யுறது சக்கரம் லாக் ஆகாம பாக்குறது மட்டும் தான், கொதிச்ச ஆயிலயோ இறுகுன காலிபரயோ அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. சாவி போட்டதும் மீட்டர்ல ஏபிஎஸ் லைட் எரியும், வண்டி கொஞ்சம் உருண்டதும் அணையணும், அணையலன்னா ஏபிஎஸ் வேல செய்யல, சாதா பிரேக் மட்டும் இருக்கும். பெரும்பாலும் சக்கரத்து சென்சார்ல சேறு அப்பியிருக்கும், துணிய வச்சு துடைச்சு பாத்துட்டு ஷோரூமுக்கு போங்க. சில மாடல்ல ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள மாட்டுன காத்த எடுக்க கம்ப்யூட்டர் மாட்டித் தான் ஏர் எடுக்க முடியும், அதனால அந்த வண்டியில ரிசர்வாயர் காலியாக விட்டா பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்புல வேல முடியாது.